சீட்டித் துணி சென்ற வழி

கடலோர மணலில் ஒரு சாண் உயரத்திற்கு மேல் எழாத சிறு செடி ஒன்று உண்டு. அதன் இலை மெல்லியது. பூ வெண்ணிறமானது, கண்ணுக்கு எடுப்பாகத் தோன்றாதது. நடந்து செல்வோர் அதைப் பொருட்படுத்தாமல் மிதித்துச் செல்வார்கள். ஆனால் மண்ணுக்குள் நீண்டு இறங்கும் அதன் மெல்லிய வேரின் பட்டையில் சிவப்புச் சாயம் ஒளிந்திருக்கிறது. அதனாலேயே நம் முன்னோர் அதற்குச் சாயவேர் என்று பெயரிட்டனர்.

உலக வரலாறு என்றவுடன் மன்னர்களின் போர்களும் கடலோடிகளின் பயணங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளியில் நாம் படித்ததும் அதுவே. இந்தச் செடியைப் பயிரிட்டவரையும், இதன் வேரை இடித்துக் காய்ச்சிய சாயக்காரரையும், துணியை நெய்து கொடுத்த தறிக்காரரையும் நமது பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. எனினும் இம்மூவரின் கைவேலையால் ஐரோப்பாவின் இரு பெரிய அரசுகள் சட்டம் இயற்ற நேர்ந்தது. லண்டன் தெருக்களில் கலகம் மூண்டது. புதிய இயந்திரங்களைக் கண்டுபிடிக்க வேண்டிய நெருக்கடி பிறந்தது. நெசவாளரும் பயிர்த்தொழிலாளரும் ஒருங்கே உறுப்பினராயுள்ள நம் சங்கத்தாருக்கு இவ்வரலாறு சொந்தக் குடும்பத்துக் கதையைப் போன்றது. ஆகையால் அதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

சோழமண்டலக் கரையின் வண்ணத் துணியைத் தமிழில் சீட்டி என்கிறோம். வடநாட்டில் ‘சீண்ட்’ என்றனர். புள்ளி தெளித்தது என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் அதைச் சின்ட்ஸ் ஆக்கினர். டச்சுக்காரர் சிட்ஸ் என்றனர். போர்த்துக்கீசியரோ, எழுதப்பட்டது என்னும் பொருளில் பிண்டாடோ என்றனர். பாரசீகர் வைத்த கலம்காரி என்ற பெயர், எழுதுகோலால் செய்த வேலை எனப் பொருள்படும். இத்தனை மொழியினர் இத்தனை பெயர் சூட்டியிருப்பதே இத்துணி எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குச் சான்று.

பருத்தித் துணியில் சாயத்தை நிலைக்கச் செய்வது எளிதன்று என்பதைச் சாயப் பட்டறையில் நின்றவர் அறிவர். கம்பளியும் பட்டும் விலங்கினத்தின் நூல்கள். அவை சாயத்தை எளிதில் பற்றிக்கொள்ளும். பருத்தி அப்படியல்ல. வேர்ச்சாயத்தில் அப்படியே முக்கினால் நிறம் ஏறியதுபோல் தோன்றும். இரண்டு வெளுப்பில் போய்விடும். சாயத்தையும் நூலையும் பிணைத்து வைக்க இடையில் ஒரு பொருள் வேண்டும். படிகாரம் அவ்வேலையைச் செய்கிறது. இந்த இரகசியத்தை இந்நாட்டார் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். மொகஞ்சதாரோ அகழ்வாய்வில் ஒரு வெள்ளிக் கலத்துடன் ஒட்டியிருந்த பருத்தித் துணித் துணுக்கு கிடைத்தது. அது மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம் ஏற்றப்பட்டது. அதன் வயது 4,000 ஆண்டுகளுக்கும் அதிகம்.

சீட்டி எழுதும் முறையைப் படிப்படியாகச் சொன்னால்தான் அதன் அருமை விளங்கும். முதலில் துணியை வெளுத்து, கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் மை துணியில் பரவிக் கசியாமல் காக்கும். கடுக்காயின் துவர்ப்பு மையோடு சேர்ந்து கருமை தரும். பின்பு, துளையிட்ட தாளின்மேல் கரித்தூளைத் தட்டி, சித்திரத்தின் கோடுகளைத் துணியில் இறக்குவர். மூங்கில் கோலின் நுனியில் மயிர் அல்லது நூல் பந்து ஒன்றைச் சுற்றி, அதைக் கைவிரலால் அழுத்த அழுத்த மை இறங்கும்படி அமைத்திருப்பர். கருங்கோடுகளுக்கு வேண்டிய மை, துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரிலோ கள்ளிலோ பல நாள் புளிக்கவைத்து எடுத்தது. சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டுவர். படிகார நீர் நிறமற்றது. எங்கே தீட்டினோம் என்று தெரியாது. ஆகவே கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டும் அதில் சிறிது நிறம் கலப்பதுண்டு.

இதன் பின்னரே சாயவேர் வருகிறது. இடித்த வேரைப் போட்டுக் காய்ச்சிய நீரில் துணி முழுவதையும் முக்கி எடுத்தால், எல்லாமே செம்மையாகத் தோன்றும். பிறகு சாணநீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, நீர் தெளித்துத் தெளித்து வெளுப்பார்கள். படிகாரம் படாத இடங்களில் நிறம் விட்டுப்போகும். பட்ட இடங்களில் சிவப்பு நிலைத்து நிற்கும். படிகாரத்தின் அடர்த்தியைக் கூட்டியும் குறைத்தும் தீட்டினால் இளஞ்சிவப்பு முதல் அடர்சிவப்பு வரை ஒரே காய்ச்சலில் கிடைத்துவிடும். நீலத்துக்கு முறை வேறு. நீலம் வேண்டாத இடமெல்லாம் உருக்கிய மெழுகைப் பூசி மூடி, துணியை அவுரித் தொட்டியில் முக்குவர். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். பின்பு வெந்நீரில் மெழுகை அகற்றி, மஞ்சள் நிறத்தைக் கடைசியாகத் தீட்டுவர். நீலத்தின்மேல் மஞ்சள் பட்ட இடம் பச்சையாகும். ஒரு நல்ல துணி முடிவதற்குப் பல வாரங்கள் ஆகும். ஒரு கைத்தவறு நேர்ந்தால் முன்செய்த வேலை அனைத்தும் வீண்.

இதில் பயிரிடுவோர் பங்கை மறத்தல் கூடாது. சாயவேர் விதைத்துச் சில மாதங்களில் எடுக்கும் பயிரன்று. வேர் முற்ற இரண்டு ஆண்டுகள் அல்லது அதற்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும். மணற்பாங்கான கடலோரத்தில் கிளிஞ்சல் கலந்த மண்ணில் விளைந்த வேரே சிறந்தது என்பர். சுண்ணாம்புச் சத்துச் சேர்ந்தால் சிவப்பு ஒளிபெறும் என்பதை இன்றைய வேதியியலும் ஒப்புக்கொள்கிறது. கிருஷ்ணா நதி முகத்துவாரம் முதல் இராமநாதபுரக் கரை வரையிலும், அப்பால் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளிலும் இவ்வேர் எடுக்கப்பட்டது. இலங்கையில் டச்சுக்காரர் ஆட்சியில் சாயவேர் அகழ்வது அரசாங்கத்தின் வருவாய் இனங்களுள் ஒன்றாகவே இருந்தது. வேரை அகழ்ந்தவர்களின் பாடு எளிதாக இருந்திராது. சுடுமணலில் குனிந்து நின்று, நூல்போன்ற வேர் அறுந்துபோகாமல் எடுக்கவேண்டும்.

இத்துணிகள் முதலில் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய எரித்திரியக் கடல் பயண நூலில் உறையூர்த் துணி பற்றிய குறிப்பு உள்ளது. எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில் இந்தியப் பருத்தித் துணித் துணுக்குகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கிழக்கே மலாக்காவிலும் சுமத்ராவிலும், இன்னும் அப்பால் நறுமணத் தீவுகளிலும் நம் துணிக்கு இருந்த மதிப்பு, பொன்னுக்கு நிகரானது. சுலவேசித் தீவின் டொராஜா மக்கள் இந்தியத் துணிகளைக் குடும்பத்தின் புனிதப் பொருளாக, பேழையில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். அவற்றுள் சில 500 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று கரிம ஆய்வு காட்டியிருக்கிறது. ஜப்பானில் தேநீர் விழாக் கலைஞர்கள் இச்சீட்டியின் சிறு துண்டுகளையும் சேர்த்து வைத்துத் தேநீர்ப் பாத்திரங்களுக்கு உறை தைத்தனர்.

கிராம்பையும் சாதிக்காயையும் விளைவித்த தீவினர் வெள்ளியைப் பெரிதாக விரும்பவில்லை, துணியையே கேட்டனர். அதுவும், இன்ன கரை, இன்ன பூ, இன்ன நீளம் என்று வகை குறித்துக் கேட்டனர். ஒரு தீவில் விரும்பிய மாதிரியை அடுத்த தீவில் வாங்கமாட்டார்கள். கொள்வோர் விருப்பத்தை அறிந்து நெய்வது புதிய வாணிப முறை என்று சிலர் கருதுகின்றனர். நம் கரையின் நெசவாளர்கள் அதனை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். மிளகும் கிராம்பும் வாங்க வந்த ஐரோப்பியர் இதனை விரைவில் உணர்ந்தனர். துணி இல்லாமல் நறுமணப் பொருள் இல்லை. ஆகவே சோழமண்டலக் கரையில் இடம் பிடிக்காமல் தீவுகளின் வாணிபம் நடக்காது. 1612-இல் டச்சு அதிகாரி ஹென்றிக் பிரவுவர் இக்கரையை நறுமணத் தீவுகளின் இடக்கை என்றே வருணித்தார்.

டச்சுக்காரர் 1605-இல் மசூலிப்பட்டினத்துக்கும், 1610-இல் பழவேற்காட்டுக்கும் வந்தனர். ஆங்கிலேயர் 1611-இல் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தனர். டேனிஷ்காரர் 1620-இல் தரங்கம்பாடியில் இறங்கினர். பிரெஞ்சுக்காரர் 1674-இல் புதுச்சேரியில் நிலைகொண்டனர். 1639-இல் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேய வணிகர், துறைமுக வசதியே இல்லாத, அலை மோதும் மணற்கரை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, அங்கே பருத்தித் துணி மற்ற இடங்களைவிட மலிவாகக் கிடைத்தது என்பதே. அவ்விடம்தான் சென்னை. கோட்டையும் ஆட்சியும் பிறகு வந்தவை. 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், நெசவாளர், நூற்போர், சாயம் எழுதுவோர், வெளுப்போர் ஆகியோரைக் குடியேற்றி ஒரு பேட்டை அமைத்தார்கள். சின்னத் தறிப் பேட்டை என்ற பெயரே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். இன்று அவ்வழியே செல்லும் மின்தொடரில் பயணம் செய்வோரில் எத்தனை பேர் தறியின் நினைவோடு அந்த நிலையத்தைக் கடக்கிறார்கள் என்பது தெரியவில்லை.

ஐரோப்பாவில் சீட்டி இறங்கியபோது நடந்தது வியப்பானது. அதுவரை அந்நாட்டு எளிய மக்கள் கம்பளியும் சணல்நார்த் துணியும் உடுத்தி வந்தனர். அவற்றைத் துவைத்தல் கடினம், வண்ணங்கள் மங்கும். சீட்டியோ இலேசானது, துவைக்கத் துவைக்க நிறம் மங்காது, சற்றே ஒளி கூடும் என்றும் சொன்னார்கள். முதலில் படுக்கை விரிப்பாகவும் சுவர்த் திரையாகவும் வாங்கினர். பின்னர்ப் பணிப்பெண் முதல் அரண்மனைப் பெண் வரை எல்லோரும் அதை உடுத்தத் தொடங்கினர். உடையைக் கொண்டு ஒருத்தியின் தகுதியை அறிய முடியவில்லையே என்று அந்நாட்டுப் பெரியவர்கள் வருந்தியதும் உண்டு. 1684-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மட்டும் இந்தியாவிலிருந்து இறக்கிய துணி 10 லட்சம் துண்டுகளுக்கும் அதிகம். அதற்கு விலையாக இங்கே வந்தது, பெரும்பாலும் தென் அமெரிக்கச் சுரங்கங்களில் வெட்டிய வெள்ளி.

அந்நாட்டு நெசவாளர்கள் தவித்தனர். இதனை நாம் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. வேலையை இழக்கும் நெசவாளியின் வயிறு எந்த நாட்டிலும் ஒன்றுதான். பிரான்சு 1686 அக்டோபரில் இந்திய வண்ணத் துணியின் இறக்குமதியையும், உள்நாட்டில் அதைப் போல் அச்சிடுவதையும் தடை செய்தது. அத்தடை 1759 வரை, 73 ஆண்டுகள் நீடித்தது. கள்ளக் கடத்தல் செய்தோர் துடுப்பு வலிக்கும் கப்பல்களில் அடிமைத் தண்டனை அனுபவித்தனர். இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டம் செய்தது. அச்சிட்ட, எழுதிய, சாயமேற்றிய ஆசியப் பருத்தித் துணிகளை அங்கே உடுத்தவோ விற்கவோ கூடாது. ஆனால் பிற நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்யலாம். வெள்ளைத் துணிக்குத் தடையில்லை. ஆகவே வெள்ளைத் துணியை இங்கிருந்து இறக்கி, லண்டனிலேயே அச்சிட்டு விற்றனர். கம்பளி, பட்டு நெசவாளர்களின் துன்பம் தீரவில்லை. 1719-இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் கலகம் செய்து, தெருவில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களைத் தாக்கினர், உடைகளைக் கிழித்தனர், மையையும் திராவகத்தையும் வீசினர். ராபின்சன் குருசோ கதையை எழுதிய டேனியல் டீஃபோவும் சீட்டிக்கு எதிராகப் பேனா பிடித்தார். 1721-இல் மேலும் கடுமையான சட்டம் வந்தது. அச்சிட்டதும் சாயமேற்றியதுமான பருத்தித் துணியை, உள்நாட்டில் அச்சிட்டதானாலும், அணிவதே பெரும்பாலும் குற்றமாயிற்று.

இவ்விடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் வந்ததனால்தான் கைத்தறி தோற்றது என்று நாம் பல காலமாகக் கேட்டு வந்திருக்கிறோம். காலவரிசையைப் பார்த்தால் சட்டம் முந்தியது, இயந்திரம் பிந்தியது. ஜான் கே பறக்கும் நாடாவைச் செய்தது 1733-இல். ஹார்கிரீவ்ஸின் நூற்பு இயந்திரம் 1764-ஐ ஒட்டிய காலத்தது. ஆர்க்ரைட் நீராற்றல் நூற்பு இயந்திரத்திற்கு உரிமை பெற்றது 1769-இல். தடைச் சட்டங்களால் வெளித்துணி உள்ளே வராது. மக்களின் விருப்பமோ குறையவில்லை. அந்த இடைவெளியை உள்நாட்டார் நிரப்பலாம் என்ற ஆசையே முதலாளிகளையும் கைவினைஞர்களையும் முயற்சியில் இறக்கியது. வேறு காரணங்களும் உண்டு. நிலக்கரி, உலோகத் தொழில், கடல் கடந்த சந்தை ஆகியவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அவர்கள் எட்டிப்பிடிக்க நினைத்த தரம் நம் கரையின் துணியும் வங்கத்தின் மஸ்லினும் காட்டிய தரமாகும். அவர்களுடைய நூல் பாவு போடும் அளவுக்கு முறுக்கும் வலிவும் உடையதாக நெடுங்காலம் அமையவில்லை. ஆகவே சணல்நார் நூலைப் பாவாகவும் பருத்தியை ஊடையாகவும் வைத்து நெய்தனர். ஆர்க்ரைட்டின் இயந்திரம் தந்த நூலே பாவுக்கு ஏற்றதாயிற்று. 1779-இல் கிராம்ப்டன் செய்த மியூல் இயந்திரம் மஸ்லினுக்கேற்ற மெல்லிய நூலைத் தந்தது.

1774-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம், உள்நாட்டிலேயே நூற்று நெய்த பருத்தித் துணிக்கு மட்டும் தடையை நீக்கியது. இரு ஓரக்கரைகளிலும் பாவில் மூன்று நீல இழைகள் இருக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அதிகாரி துணியின் ஓரத்தைப் பார்த்து, இது எங்கள் நாட்டுத் துணியா, இந்தியத் துணியா என்று அறிந்துகொள்வதற்கு இந்த ஏற்பாடு. அடையாளம் இட்டுத்தான் பிரித்தறிய முடியும் என்ற நிலை அப்போது வந்திருந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

வண்ணக் கலையை அவர்கள் கற்ற விதம் தனிக் கதை. 1730-களில் பொலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் புதுச்சேரியில் ஒரு சாயக்காரரைத் தம் எதிரே அமர்த்தி, ஒரு துணியை எழுதச் செய்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்புடன் சேர்த்தார். அக்கையெழுத்துப் படியும் அந்தத் துண்டுகளும் இன்றும் பாரிஸ் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. 1742-இல் கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இம்முறை முழுவதையும் எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார்; 1747-இல் மேலும் ஒரு கடிதம் எழுதினார். தாம் ஞானஸ்நானம் செய்துவைத்த சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததாக அவரே சொல்கிறார். சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு உண்டென்று பிற்காலத்தில் எழுதியவரும் இவரே. கூர்மையான பார்வை உடையவர். துணியையும் மொழியையும் ஒரே கவனத்தோடு நோக்கினார் போலும். அக்கடிதங்கள் அச்சாகிப் பலர் கைக்குப் போயின. ஐரோப்பிய அச்சுத் தொழிலுக்கு அவை ஒன்றே அடிப்படை என்று கூறமுடியாது. மார்சேய் நகரில் 1648-க்குள்ளாகவே அச்சுவேலை தொடங்கியிருந்தது. எனினும் படிகாரத்தையும் வேர்ச்சாயத்தையும் பருத்தியில் இணைக்கும் முறை இந்தியாவிலிருந்தும், இந்தியத் துணியை நெடுநாள் அறிந்திருந்த மேற்காசியரிடமிருந்தும் அவர்களுக்குக் கிட்டியது என்பதில் ஐயமில்லை.

பொலியூவின் எதிரே அமர்ந்து எழுதியவர் பெயர் அக்குறிப்பில் இல்லை. பாதிரியாருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்களும் நம்மிடம் இல்லை.

துணியின் பயணத்தில் வருந்தத்தக்க பகுதியும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கிய ஐரோப்பியக் கப்பல்கள், அங்கே கொடுத்த சரக்கில் பெரும் பங்கு இந்தியப் பருத்தித் துணியே. நம் கரையில் நெய்த கோடுபோட்ட துணியும் நீலத்துணியும் அடிமை வாணிபத்தின் நாணயமாயின. நெய்தவருக்கு அது எங்கே போகிறதென்று தெரிந்திருக்க வழியில்லை. அடிமை வாணிபம் சட்டப்படி ஒழிந்த பின்னும் புதுச்சேரியின் நீலத்துணி செனகல் நதிக்கரைக்குப் போய்க்கொண்டே இருந்தது. அங்கே மூர் வணிகர்கள் கருவேல இனத்து மரப்பிசினைக் கொடுத்து அத்துணியைப் பெற்றனர். 19-ஆம் நூற்றாண்டில் அத்துணி அப்பகுதியில் பணம்போலவே வழங்கியது. அந்தப் பிசின் ஐரோப்பாவில் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? துணியில் அச்சிடும் சாயம் பரவாமல் கெட்டியாக்குவதற்கு. நம் துணியைக் கொடுத்துப் பெற்ற பிசினைக் கொண்டு, நம் துணிக்குப் போட்டியான துணி அச்சிடப்பட்டது.

லங்காஷையர் ஆலைகளுக்குப் பஞ்சு வேண்டியிருந்தது. 1793-இல் எலி விட்னி கொட்டை நீக்கும் இயந்திரம் செய்தபின் அமெரிக்காவின் தென்பகுதி முழுவதும் பருத்தி பரவியது. அத்துடன் அடிமை முறையும் வேரூன்றியது.

இனி, நம் நெசவாளருக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினமும், பின்னர்ப் பிரசன்னன் பார்த்தசாரதியும் இக்கரையின் நெசவாளர் வாழ்வைக் கம்பெனிகளின் கணக்குப் பதிவேடுகளிலிருந்து ஆராய்ந்து எழுதியுள்ளனர். அவர்கள் காட்டும் ஒரு செய்தி நம் சங்கத்தார் சிந்திக்கத்தக்கது. வணிகர் நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பது அக்கால வழக்கம். நெசவாளர் அப்பணத்தில் நூலும் அரிசியும் வாங்குவார். வேறொருவர் நல்ல விலை தருவதாகச் சொன்னால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணியை அவருக்கு விற்கும் உரிமை நெசவாளருக்கு இருந்தது. வணிகரோ, கொடுத்த பேச்சை மீற இயலாது. விலை இறங்கினாலும் துணியை ஏற்றுக்கொள்ள வேண்டும். கொடுமை மிகுந்தால் நெசவாளர்கள் கூட்டமாகத் தறியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே வெளியேறுவார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க வணிகரும் பாளையக்காரரும் சலுகை கொடுப்பார்கள். அக்காலத் தென்னாட்டு நெசவாளரின் வாழ்க்கைத்தரம், தானியத்தை அளவுகோலாகக் கொண்டால், இங்கிலாந்து நெசவாளருக்குக் குறைந்ததன்று என்பது பார்த்தசாரதியின் முடிவு. இதைப் பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. ஆயினும் அவ்வுரிமை இருந்ததென்பது தெளிவு.

அரசு அதிகாரம் கம்பெனியின் கைக்கு வந்தபின் அந்த உரிமை போயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனி இடைநின்ற வணிகரை விலக்கி, தன் ஆட்களையே நெசவு ஊர்களில் அமர்த்தியது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகுவது தடுக்கப்பட்டது. ஊரைவிட்டுச் செல்பவரைச் சேவகரை அனுப்பிப் பிடித்துவரச் செய்தது. வேறு வணிகருக்கு நெய்தால் தண்டனை. அதனோடு 1780-இல் மூண்ட போரும் பஞ்சமும் நெசவு ஊர்களைப் பாழாக்கின. தரத்தில் யாருக்கும் தாழாத நெசவாளர், பேரம் பேசும் வலிமையை இழந்த பிறகே ஆலைத்துணியின் வெள்ளத்தை எதிர்கொண்டார். 1813-இல் கம்பெனியின் இந்திய வாணிபத் தனியுரிமை முடிவுற்றது. மான்செஸ்டர் துணி தடையின்றி வந்தது. அதன்பின் நடந்தவற்றைப் பெரியோர் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம்.

பயிரிட்டோரின் முறை சற்றுப் பிந்தி வந்தது. 1868-இல் கிரேப், லீபர்மன் என்னும் இரு ஜெர்மானிய வேதியியலார், வேர்ச்சிவப்பின் சாரமான அலிசரினைத் தாரிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு சோதனைச்சாலையிலேயே செய்துவிட்டனர். மறு ஆண்டே தொழிற்சாலை முறைக்கு உரிமை பதிவாகியது. ஒரு தலைமுறைக்குள் பிரான்சின் மஞ்சிட்டி வயல்களும், நம் கரையின் சாயவேர்க் கொல்லைகளும் மதிப்பிழந்தன. அவுரிக்கு 1897 வரை தவணை கிடைத்தது. அவ்வாண்டு செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. மதுரைச் சுங்குடியின் பழைய சிவப்பும் சாயவேரின் கொடையே. பிறகு அதுவும் பொட்டலச் சாயத்துக்கு மாறியது. சாயக்காரரைக் குறை கூறி என்ன பயன்? இரண்டு ஆண்டு விளையும் வேரும், இரண்டு நிமிடத்தில் கரையும் பொடியும் ஒரே சந்தையில் போட்டியிட்டால் எது நிற்கும்?

இக்கதையில் இங்கிலாந்து நெசவாளரையும் விட்டுவிடலாகாது. விசைத்தறி பரவியபோது அந்நாட்டில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறியாளர் இருந்தனர். அரை நூற்றாண்டுக்குள் அவர்களுடைய தொழில் அநேகமாக மறைந்தது. லங்காஷையரின் ரோச்டேல் என்ற ஊர், கம்பளித் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. ஒரு காலத்தில் கம்பளியைக் காக்க நம் சீட்டியைத் தடைசெய்தார்கள் அல்லவா? அந்தத் தடையின் நிழலில் வளர்ந்த இயந்திரம், சுற்றி வந்து கம்பளி நெசவாளர் வீட்டுக் கதவையும் தட்டியது. கூலி உயர்வு கேட்டு முயன்று தோற்ற நெசவாளர் சிலரும் பிற தொழிலாளரும் சேர்ந்து, 28 பேராக, ஆளுக்கு ஒரு பவுன் பங்கு சேர்த்து, 1844 டிசம்பர் 21-ஆம் நாள் மாலை டோட் சந்தில் ஒரு சிறு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி: இவ்வளவே சரக்கு. நம் சங்கத்தின் விதிகளில் ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்றும், வாங்கிய அளவுக்கு ஏற்ப இலாபப் பங்கு என்றும் இருப்பவை அக்கடையிலிருந்து வந்தவை. 1904-இல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும், 1935-இல் கைத்தறி நெசவாளர்க்கென மாகாண அளவில் சங்கம் அமைந்து இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்குவதும் உறுப்பினர்கள் அறிந்தவையே.

சீட்டி எழுதும் கலை முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஆந்திரத்தில் ஸ்ரீகாளத்தியிலும் மசூலிப்பட்டினத்திலும் அது நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் தஞ்சைப் பகுதியின் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும், கருப்பூர் மரபைத் தொடரும் குடும்பங்களிலும் கோயில் விதானங்களும் தொம்பைகளும் எழுதப்படுகின்றன. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கென ஒரு காலத்தில் கோடாலிக் கருப்பூரில் நெய்து எழுதிய சேலைகள் இன்று அருங்காட்சியகங்களில் மட்டுமே காணத்தக்கவை. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிவப்புக்குப் பெரும்பாலோர் இப்போது மஞ்சிட்டியையோ அலிசரினையோ பயன்படுத்துகின்றனர். திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இன்றும் பயிராகி, இயற்கைச் சாயம் விரும்பும் நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது.

சாயவேரைத் தேடுவோர் சாயப் பட்டறைக்குப் போகவேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் இம்பூரல் என்று கேட்டால் கொடுப்பார்கள். இருமலுக்கும், கோழையில் இரத்தம் கண்டாலும் சித்த மருத்துவர்கள் அதைக் கஷாயம் வைத்துத் தருகிறார்கள்.